எல்லைக்கோட்டின் தூரமும் துடுப்பாட்ட வரலாறும்

கிரிக்கெற் ஆட்டத்தில் ஒரு விக்கெற்றுக்கும் எதிர் விக்கெற்றுக்கும் இடைப்பட்ட தூரம் 22 யார். 1744ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வகுக்கப்பெற்ற விதிகளிலேயே காணப்படும் இவ்வளவு இன்றுவரை மாறவில்லை. பந்தின் நிறை, துடுப்பின் அகலம், விக்கெற்றின் உயரம் ஆகியனவும் விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆயின், எல்லைக்கோடு எத்துணைத் தூரத்தில் அமைதல் வேண்டும் என்பதற்கு அவ்விதிகள் அளவு கூறவில்லை. அந்தந்த ஊரின் நிலமும், வீதியும், மதிலும், மரமுமே அதனைத் தீர்மானித்து வந்தன. இங்கிலாந்தின் கன்ரபரி மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே பெருமரம் ஒன்று நெடுங்காலம் நின்றது. பந்து அதில் பட்டால் நான்கு ஓட்டம் வழங்கப்பட்டது. அம்மரம் 2005ஆம் ஆண்டிலேயே முறிந்து வீழ்ந்தது. இவ்வாறு வரையறையின்றி அமைந்த எல்லை, துடுப்பாட்டக்காரரின் திறனையும் புகழையும் எவ்வாறு பாதித்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஆறு ஓட்டத்தின் வரலாற்றை நோக்குதல் தகும். இன்று எல்லைக்கோட்டுக்கு மேலாகப் பந்து பறந்து வீழ்ந்தாற் போதும். ஆறு ஓட்டம் கிடைத்துவிடும். முற்காலத்திலோ பந்து மைதானத்தை விட்டே வெளியேறினாலன்றி ஆறு ஓட்டம் வழங்கப்படவில்லை. டெஸ்ற் போட்டிகள் 1877இல் ஆரம்பமாகியும், அடித்த அடியினால் மாத்திரமே ஆறு ஓட்டம் பெற்ற முதல்வர் 1898இல் அடிலெயிட் நகரில் ஆடிய அவுஸ்திரேலியரான ஜோ டார்லிங் ஆவார். இடையிலே சென்றவை 21 ஆண்டுகள். இங்கிலாந்தில் 1910ஆம் ஆண்டின் பின்னரே எல்லையைக் கடந்த பந்துக்கு ஆறு ஓட்டம் என்னும் வழக்கம் நிலைபெற்றது. எனவே, முற்காலத்தார் ஆறுகளை அரிதாகவே அடித்தனர் என்பதுகொண்டு அவர்தம் வலிமையைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது.

எல்லை குறுகினால் துடுப்பாட்டக்காரருக்கு நன்மை, விரிந்தால் தீமை என்று பலரும் எண்ணுவர். கணிதம் இதனை முற்றாக ஏற்பதில்லை. மைதானம் வட்டமானதெனக் கொள்க. மையத்திலிருந்து எல்லை 65 யார் தூரத்தில் இருப்பின் அதன் பரப்பு ஏறத்தாழ 13,270 சதுர யார். 90 யார் தூரத்தில் இருப்பின் ஏறத்தாழ 25,450 சதுர யார். ஆரம் ஒன்றரை மடங்கிற்கும் குறைவாகவே கூடியிருப்பினும் பரப்பு ஏறக்குறைய இரட்டித்துவிடுகின்றது. பந்துவீச்சாளரும் விக்கெற் காப்பாளரும் நீங்கலாக எஞ்சிய ஒன்பதின்மரே இதனைக் காக்க வேண்டும். சிறிய மைதானத்தில் ஒருவர் பங்குக்கு 1,475 சதுர யார் வரும். பெரியதிலோ 2,800க்கும் அதிகமாகும். ஆகவே பெரிய மைதானத்தில் உயரத் தூக்கி அடிப்பவர் பிடிகொடுத்து ஆட்டமிழப்பார். தரையோடு பந்தைச் செலுத்தி இடைவெளி கண்டு விரைந்து ஓடுபவரோ இரண்டும் மூன்றுமாக ஓட்டங்களைச் சேர்ப்பார். எல்லையின் தூரம் துடுப்பாட்டத்தை வளர்ப்பதோ தளர்த்துவதோ அன்று. எவ்வகைத் துடுப்பாட்டக்காரர் சிறப்புறுவார் என்பதைத் தெரிவு செய்வதே அதன் செயலாகும்.

அமெரிக்க நாட்டின் பேஸ்போல் ஆட்டம் இவ்வுண்மையை மேலும் தெளிவாகக் காட்டும். அவ்வாட்டத்தில் பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பதை ‘ஹோம் ரன்’ என்பர். நியூயோர்க் நகரின் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் வலது ஓரத்து வேலி 258 அடி தூரத்தில் இருந்தது. நடுப்புறமோ 480 அடிக்கும் அப்பாற் சென்றது. அங்கு ஆடிய இடக்கை வீரர் மெல் ஒட் தம் வாழ்நாளில் அடித்த 511 ஹோம் ரன்களுள் 323 சொந்த அரங்கில் அடித்தவை. ஏனைய அரங்குகள் அனைத்திலும் அடித்தவை 188 மாத்திரமே. 1954 செப்ரெம்பர் 29ஆம் நாள் அவ்வரங்கில் விக் வேர்ட்ஸ் என்பவர் 420 அடிக்கும் அப்பால் நடுப்புறம் நோக்கி அடித்த பந்தை வில்லி மேய்ஸ் ஓடிச்சென்று பிடித்தார். அதே ஆட்டத்தில் டஸ்ரி ரோட்ஸ் வலது ஓரமாக ஏறத்தாழ 260 அடி தூரமே அடித்த பந்து வேலியைக் கடந்து வெற்றியை ஈட்டியது. நெடுந்தூரம் அடித்தவர் ஆட்டமிழந்தார். குறுந்தூரம் அடித்தவர் வெற்றிவீரரானார்.

கிரிக்கெற் ஏடுகளிலும் இத்தகைய புதிர்கள் உள. 1930இல் லீட்ஸ் நகரில் பிரட்மன் 334 ஓட்டங்கள் பெற்றபோது ஓர் ஆறுகூட அடிக்கவில்லை. 1933இல் ஒக்லண்ட் நகரில் ஹமண்ட் ஆட்டமிழக்காது 336 ஓட்டங்கள் பெற்று அச்சாதனையை முறியடித்தபோது பத்து ஆறுகள் அடித்தார். இருவர்தம் இயல்பும் வேறு, மைதானமும் வேறு. எப்பங்கு வீரருடையது, எப்பங்கு நிலத்தினுடையது என்பதை ஓட்டப்பட்டியல் மாத்திரம் கொண்டு பிரித்தறிதல் இயலாது.

இலங்கையரின் சாதனைகளுக்கும் இது பொருந்தும். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் மகாதேவா சதாசிவம் பெற்ற 215 ஓட்டங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 2006இல் கொழும்பு எஸ். எஸ். சி. மைதானத்தில் மகேல ஜயவர்தன பெற்ற 374 ஓட்டங்களில் 43 நான்குகளும் ஒரே ஓர் ஆறும் அடங்கும். அஃதாவது 178 ஓட்டங்கள் எல்லையால் வந்தவை. எஞ்சிய 196 ஓடிப் பெற்றவை. ஆறுகளின் எண்ணிக்கையே பெருமையின் அளவுகோல் எனக் கொள்வோர் இவ்வாட்டத்தின் அருமையை உணரமாட்டார்.

அளத்தலின் இன்றியமையாமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றும் கொழும்பிலேயே நிகழ்ந்தது. பின்னர் பாக்கியசோதி சரவணமுத்து அவர்களின் பெயரைப் பெற்ற கொழும்பு ஓவல் மைதானத்தில், 1948 மார்ச்சு மாதத்தில் பிரட்மன் தலைமையிலான அவுஸ்திரேலிய அணி ஆடியது. பிரட்மன் 20 ஓட்டங்களே பெற்றார். ஆடுகளத்தை அளந்தபோது அதன் நீளம் 22 யார் அன்று, 20 யாரே எனக் கண்டனர். பதினொன்றில் ஒரு பங்கு தூரம் குறைந்தமையால் பந்தை நோக்கித் தீர்மானிக்கும் நேரமும் அவ்விகிதத்திற் குறைந்திருக்கும். விதியால் வரையறுக்கப்பட்ட அளவே இவ்வாறு தவறுமாயின், வரையறையற்ற எல்லையின் நிலை என்னாகும்?

காலப்போக்கில் ஓரளவு ஒழுங்கு ஏற்பட்டது. 1958 யூன் முதலாம் நாளின் பின் அமைக்கப்படும் பேஸ்போல் அரங்குகளில் ஓரங்கள் 325 அடிக்கும், நடுப்புறம் 400 அடிக்கும் குறையலாகாது என விதிக்கப்பட்டது. ஆடவர் சர்வதேசக் கிரிக்கெற் போட்டிகளில் எல்லை, ஆடுகளத்தின் மையத்திலிருந்து 65 யாருக்குக் குறையாமலும் 90 யாருக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். ஆயினும் பழைய மைதானங்களுக்கு விலக்கு உண்டு. ஒக்லண்ட் ஈடன் பார்க்கின் நேர் எல்லை ஏறத்தாழ 55 மீற்றர் அளவினதே. 65 யாரோ 59 மீற்றருக்கும் சற்று அதிகமாகும்.

ஒருபுறம் கடலும் மறுபுறம் நெடுவீதியுமாக நிலம் ஒடுங்கிய கல்முனை, பாண்டிருப்புப் போன்ற கரையோர ஊர்களில் எல்லா மைதானங்களும் ஒரே அளவில் அமைதல் அரிது. குறுகிய எல்லையில் அரைச்சதம் அடித்த மாணவன் புகழப்படுகின்றான். விரிந்த மைதானத்தில் ஓடி ஓடி முப்பது ஓட்டங்கள் சேர்த்தவன் மறக்கப்படுகின்றான். அணிக்கு வீரரைத் தெரிவு செய்யும்போது இவ்வநீதி ஓர் இளைஞனின் வாய்ப்பையே பறித்துவிடலாம். இதற்குப் பரிகாரம் பெருஞ்செலவுடையதன்று. ஆட்டம் தொடங்குமுன் அளவுநாடா கொண்டு நாற்புற எல்லையையும் அளந்து ஓட்டப்பதிவேட்டின் தலைப்பில் எழுதிவைத்தல் போதும். ஓட்டங்களை எழுதும் ஏடு, அவை எந்நிலத்தில் பெறப்பட்டன என்பதையும் எழுதுமாயின், பின்வருவோர் நடுநிலை பிறழாது ஒப்புநோக்க வழி பிறக்கும்.