இருதய அறுவைக்குப் பின் பிள்ளையின் உடல் சூடு: எந்தக் கருவியை நம்புவது?

இருதய அறுவை முடிந்து பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்த முதல் வாரம் பெற்றோருக்குச் சரியான தூக்கம் இருக்காது. பாட்டி நெற்றியைத் தொட்டுப் பார்த்து "சுடுதே" என்பார். கருவியோ 36.8 பாகை செல்சியஸ் காட்டும். எதை நம்புவது?

அறுவைக் கூடத்திலேயே இந்தச் சிக்கல் உண்டு. இருதய-நுரையீரல் இயந்திரத்தை இணைத்துச் செய்யும் அறுவையில் பிள்ளையின் உடலைக் குளிர வைத்து, முடிந்ததும் மீண்டும் சூடேற்றுவது வழக்கம். உடலின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. உணவுக்குழாயில் வைக்கும் உணரி இருதயத்தை ஒட்டி இருப்பதால் மாற்றத்தை உடனுக்குடன் காட்டும். ஆசனவாயில் வைப்பது பின்தங்கும். சிறுநீர்ப்பையில் வைக்கும் உணரி, சிறுநீர் நன்றாக இறங்கும் வரைதான் நம்பகமானது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பிள்ளையின் கால் பெருவிரலில் ஒரு கம்பி ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதுவும் வெப்பமானிதான். உடலின் உள்ளே 37.5, காலில் 29 என்று இருந்தால் இரத்த ஓட்டம் கால்வரை போதவில்லையோ, இருதயம் திணறுகிறதோ என்று மருத்துவர் யோசிப்பார். தோலுக்கு ஓடும் இரத்தம் குறைந்திருக்கும் அந்த முதல் சில மணி நேரத்தில் அக்குளிலும் நெற்றியிலும் எடுக்கும் அளவு உள்சூட்டைவிடக் குறைத்துக் காட்டலாம். பாட்டியின் கையும் அப்படித்தான்.

வீடு திரும்பும் நேரத்தில் நிலைமை வேறு. அக்குளில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி போதும். வியர்வையைத் துடைத்து, முனையை அக்குளின் நடுவில் வைத்து, கையை உடலோடு சேர்த்து, ஒலி வரும்வரை பிடியுங்கள். நெஞ்செலும்பு கூடி வரும் காலம் என்பதால் கையை மெதுவாக விலக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது.

காதில் வைக்கும் கருவி விரைவானது. ஆனால் ஆறு மாதத்திற்குக் குறைந்த குழந்தையின் காதுத்துளை அதற்குச் சிறியது. காது அழுக்கும் அளவைக் கெடுக்கும். கோவிட் காலத்தில் கடைவாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தக் கருவி வெயில், வியர்வை, ஏர்கோன் எல்லாவற்றுக்கும் ஏமாறும். ஆசனவாயில் வைப்பதை மருத்துவர் சொல்லாமல் செய்யாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கும் பிள்ளைக்கு அங்கே இரத்தக் கசிவு ஏற்படலாம். உடையக்கூடிய பழைய பாதரச வெப்பமானியும் வேண்டாம்.

எந்தக் கருவியானாலும் அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். பாராசிட்டமோல் கொடுப்பதற்கு முன்பே அளந்து, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். தோட்டத்திலிருந்து கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்துக்குப் போகப் பல மணி நேரம் ஆகும் குடும்பங்கள் இருக்கின்றன. "கொஞ்சம் சூடா இருக்கு" என்பதைவிட "அக்குளில் 38.2, காலை எட்டு மணிக்கு" என்று தொலைபேசியில் சொன்னால் தாதிக்கு உடனே விளங்கும்.

38 பாகையை எட்டினால் அறுவை செய்த மருத்துவமனையை அழையுங்கள். எண் அதைவிடக் குறைவாக இருந்தாலும், தையல் சிவந்தால், சீழ் வந்தால், மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால் காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தையின் உடல் சூடு 36க்குக் கீழே இறங்கினாலும் அழைக்கத்தான் வேண்டும். அறுவை முடிந்து சில வாரம் கழித்துக்கூட, இருதயத்தைச் சுற்றி நீர் கோத்துக் காய்ச்சல் வருவதுண்டு.

அருகிலுள்ள கிளினிக்கிற்குப் போனால் இருதய அறுவை நடந்ததை முதலில் சொல்லுங்கள். ஆண்டிபயாடிக் மருந்தைக் கேட்டு வாங்காதீர்கள். இருதயத்தின் உள்ளே தொற்று இருந்தால், இரத்தப் பரிசோதனைக்கு முன் அந்த மருந்தைக் கொடுத்துவிடும்போது எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.