ஆலம் விதையின் பூர்வ கதை

செம்பாக்கம் ஏரியைப் போன்ற பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் நீர்நிலைகளை அடுத்து ஆலும் அரசும் வளர்த்த நம் முன்னோர், கைப்பருமனுள்ள போத்துகளை மழைக்காலத்தில் நட்டே பெரும்பாலும் அவற்றை எழுப்பினார்கள்; விதைக்கும் காரியத்தைப் பட்சிகளுக்கு விட்டிருந்தார்கள். பூவாமல் காய்ப்பதாகக் கண்டு இவ்வினத்தைக் ‘கோளி’ என்றார்கள். உண்மையில் பூக்களெல்லாம் பழத்துக்குள்ளேயே மறைந்திருக்கின்றன. அங்கே நுழையும் நுண்ணிய குளவியின் சகாயத்தால் கருவுற்ற விதை, சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மைந்தன் சுவேதகேதுவைப் பிளந்து பார்க்கச் சொன்ன அதே விதை, குயிலும் மைனாவும் இட்ட எச்சத்தோடு பனைமட்டையின் இடுக்கிலோ கோபுரத்தின் காரை வெடிப்பிலோ விழுந்து, முளைத்து, வேரிறக்கி, தன்னைத் தாங்கிய பனையையே நாளடைவில் சூழ்ந்துகொள்ளும். ஆலயங்களுக்கு இச்சக்தி பேரபாயம்; ஏழாம் நூற்றாண்டில் அப்பர் பெருமான் உழவாரப்படை ஏந்திக் கோயில்தோறும் செடிகளைக் களைந்தது பக்தி மாத்திரமன்று, கட்டடங்களைக் காத்த மகத்தான தொண்டும் ஆகும் என்பது என் துணிபு.

விதையிலிருந்தே வளர்க்க விரும்புவோர், கனிந்த பழத்தைப் பிசைந்து நீரில் அலசி, அடியில் தங்கும் விதைகளைச் செங்கற்பொடியும் மணலும் கலந்த சட்டியில், வெளிச்சம் படும்படி மண்மூடாமல் தூவி, கடும் வெயில் படாத இடத்தில் ஈரம் காயாமல் காக்க வேண்டும். பொறுமையே இங்குப் பிரதானம்.

ஆல் எத்தனை காலம் நிலைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்தில், நானூறு ஆண்டுகளைக் கடந்ததாக மதிக்கப்படும் ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-இல் புயற்காற்றில் சாய்ந்தது. விழுதுகள் இன்றும் நிற்கின்றன.