மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம்: துணைவேந்தர் மாற்றங்களும் மேலாண்மைக் கல்வியும்

மதுரை காளவாசல் சந்திப்பிலிருந்து தேனி சாலையில் மேற்கே சென்றால் விராட்டிபத்து, அச்சம்பத்து, நாகமலைப் புதுக்கோட்டை ஆகிய ஊர்களைக் கடந்து பல்கலை நகர் வரும். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம் அங்குதான் அமைந்துள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையமாக மதுரையில் இருந்த அமைப்பு, 1966ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகம் என்னும் தனிப் பல்கலைக்கழகமாக உருவெடுத்தது. 1978இல் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. இப்பல்கலைக்கழகத்தின் தலைமை மாறிய விதத்தையும், அதனால் அங்குள்ள மேலாண்மைக் கல்வி போன்ற துறைகளுக்கு நேர்வதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தலைவர் யார்?

மாணவர் பலருக்கும் இதில் குழப்பம் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களின் வேந்தர் ஆளுநர். இணைவேந்தர் உயர்கல்வி அமைச்சர். ஆனால் அன்றாட நிருவாகத்தை நடத்துபவர் துணைவேந்தரே. அவருடைய பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். மூவர் கொண்ட தேடல் குழு தகுதியுடைய மூவரின் பெயர்களைப் பரிந்துரைக்க, அவர்களுள் ஒருவரை வேந்தர் நியமிப்பார். துணைவேந்தர் இல்லாத காலத்தில் உயர்கல்வித் துறை அதிகாரி ஒருவரின் தலைமையில் ஒருங்கிணைப்பாளர் குழு (கன்வீனர் கமிட்டி) நிருவாகத்தைக் கவனிக்கும்.

அறிஞர்கள் காலம்

முதல் துணைவேந்தர் பன்மொழிப் புலவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரம் (1966-1971). அடுத்து வந்தவர் மு. வரதராசன். நாவலாசிரியராகவும் தமிழறிஞராகவும் வீடுதோறும் அறியப்பட்ட மு.வ., 1974 அக்டோபர் 10 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். பின்னர் எஸ். வி. சிட்டிபாபு, நீரியல் பொறியாளரும் கவிஞருமான வா. செ. குழந்தைசாமி, சங்க இலக்கிய அறிஞர் வ. சுப. மாணிக்கம் (1979-1982) ஆகியோர் பொறுப்பேற்றனர். பதினாறு ஆண்டுகளுக்குள் மூன்று தமிழறிஞர்கள் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள்.

அக்காலத்திலும் தலைமை மாறிக்கொண்டேதான் இருந்தது. ஆயினும் ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் வளர்த்தார். அஞ்சல்வழிக் கல்வி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1971இல் தொடங்கிய அப்பிரிவு, பின்பு தொலைநிலைக் கல்வி இயக்ககமாகப் பெருகியது. வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. பட்டம் பெற விரும்பிய வங்கி ஊழியர், ஆலை மேற்பார்வையாளர், கடை நடத்துவோர் எனப் பலருக்கு அது வழி திறந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பெரும் வருவாயும் அதன் மூலமே வந்தது.

நீதிமன்றம் சென்ற நியமனங்கள்

2012ஆம் ஆண்டு கல்யாணி மதிவாணன் துணைவேந்தரானார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் துணைவேந்தருக்குப் பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவம் வேண்டும் என்கின்றன. அவரோ கல்லூரி ஒன்றில் இணைப் பேராசிரியராக இருந்தவர். அவரது நியமனத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2014 ஜூன் மாதத்தில் ரத்து செய்தது. மாநில அரசு ஏற்காதவரை அவ்விதி மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கட்டாயப்படுத்தாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 11 அன்று அத்தீர்ப்பை மாற்றியது. ஆனால் அடுத்த மாதமே அவருடைய மூன்றாண்டுக் காலம் முடிந்துவிட்டது.

அதன்பின் சுமார் இரண்டு ஆண்டுகள் பதவி காலியாக இருந்தது. 2017 மே மாதம் பி. பி. செல்லத்துரை நியமிக்கப்பட்டார். தேடல் குழுவினர் முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை என்று கண்ட உயர் நீதிமன்றம், 2018 ஜூன் 14 அன்று அந்நியமனத்தை ரத்து செய்தது. 2019 ஜனவரி முதல் பணியாற்றிய மு. கிருஷ்ணன், 2021இல் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகச் சென்றார். 2022இல் வந்த ஜெ. குமார், பதவிக்காலம் முடியும் முன்பே 2024இல் விலகினார்.

2015 ஏப்ரல் முதல் 2022 ஏப்ரல் வரையிலான ஏழு ஆண்டுகளைக் கணக்கிட்டால், மூன்று ஆண்டுகளுக்கும் மேல் துணைவேந்தரே இல்லை. அதாவது ஒரு துணைவேந்தரின் முழுப் பதவிக்காலம் வெறுமனே கழிந்திருக்கிறது.

மேலாண்மைத் துறைக்கு என்ன இழப்பு?

இப்பல்கலைக்கழகத்தில் வணிகக் கல்விப் புலத்தின் கீழ் மேலாண்மை, வணிகவியல் போன்ற துறைகள் இயங்குகின்றன. துறைத் தலைவர் மாறினாலும் மறுநாள் வகுப்பு வழக்கம்போல் நடக்கும். ஆனால் ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றால், அந்த இடத்தை நிரப்பும் அதிகாரம் துறைத் தலைவருக்கு இல்லை. மானியக் குழு விதிப்படி ஆசிரியர் தேர்வுக் குழுவின் தலைவர் துணைவேந்தர். அவர் இல்லையென்றால் அந்த இடம் காலியாகவே இருக்கும். கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்பு நகரும்.

இணைப்புக் கல்லூரிகளின் நிலை சற்று வேறு. மதுரையின் தியாகராசர் மேலாண்மைப் பள்ளி 1962இல் தோன்றியது, பல்கலைக்கழகத்தைவிட மூத்தது. தன் இயக்குநரை அதன் நிருவாகமே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. அதனால் பல்கலை நகரில் நாற்காலி காலியானாலும் அங்கே பணி தடைப்படுவதில்லை. ஆனால் அங்கு படித்தவருக்கும் எம்.பி.ஏ. பட்டம் வழங்குவது மதுரைக் காமராசர் பல்கலைக்கழகமே. எனவே பட்டத்தின் மதிப்பு பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்ந்தே உயரும், தாழும்.

பணமும் தலைமையும்

2021இல் இப்பல்கலைக்கழகம் தேசிய தர மதிப்பீட்டுக் குழுவின் (நாக்) ஏ பிளஸ் பிளஸ் தகுதியைப் பெற்றது. ஆனால் 2023, 2024ஆம் ஆண்டுகளில் பணியாளர் ஊதியமும் ஓய்வூதியமும் தாமதமாகி, போராட்டங்கள் நடந்தன. தொலைநிலைக் கல்வி வருவாய் சரிந்ததும், தணிக்கை ஆட்சேபங்கள் தீராததும் முக்கியக் காரணங்கள். அதற்கு முன்பே, 1985இல் அழகப்பா பல்கலைக்கழகமும் 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் பிரிந்ததால் இணைப்புக் கல்லூரிகளின் எல்லை சுருங்கியிருந்தது. நெருக்கடி முழுவதும் தலைமை இல்லாததால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் தணிக்கைக்குப் பதில் சொல்லவும், அரசிடம் தொடர்ந்து வாதாடவும், புதிய வருவாய்க்குத் திட்டமிடவும் நிலையான தலைமை தேவை.

பள்ளியில் பணியாற்றியவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். பொறுப்புத் தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவார். சம்பளப் பட்டியலை அனுப்புவார். பெரிய முடிவு என்றால், ‘புதியவர் வரட்டும்’ என்று ஒத்திவைப்பார். அது அவர் குற்றமன்று.

தீராத கேள்வி

துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, மாநில அரசா என்ற கேள்வி 2022 முதல் வலுத்தது. நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்களைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. நிலுவையிலிருந்த பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பளித்தது. நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

யார் நியமிப்பது என்பது அரசியல் சட்டக் கேள்வி. அதற்கு இரு பக்கமும் நியாயம் பேசப்படுகிறது. மாணவருக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. ஒரு துணைவேந்தரின் கடைசி நாள் எது என்பது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். அந்த நாளுக்குள் அடுத்தவரை ஆயத்தமாக வைக்க ஏன் முடியவில்லை? தேடல் குழுவைப் பதவிக்காலம் முடிய ஆறு மாதம் முன்னரே அமைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தால், நியமிப்பவர் யாராக இருந்தாலும் நாற்காலி இத்தனை காலம் காலியாக இராது.