உளியின் விலை: கண்டிப் பிரதேச மரவேலைக் கருவிகள் பற்றிய ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

கண்டிக்கு அண்மையில், உடுநுவரையிலுள்ள எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். கம்பளை அரசர் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டில் தோன்றியதாகக் கருதப்படும் அத்தேவாலயத்தின் கூரையில் 26 கைமரங்கள் ஒரே மர ஆப்பினாற் பிணைக்கப்பட்டிருக்கும் திறன் வியந்து போற்றப்படுகின்றது. ஆயின், அத்தூண்களைச் செதுக்கிய உளியை அடித்தவன் யார், அது தச்சனின் கைக்கு எவ்வாறு வந்தது, அதற்கு அவன் கொடுத்த விலை யாது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கலைப்படைப்பினை உற்பத்திக் கருவிகளினின்றும் பிரித்து நோக்கும் மரபே இதற்குக் காரணம் எனலாம்.

கருவியின் விலை இன்று சந்தையின் பிரச்சினையாகத் தோன்றுகிறது. கண்டி இராச்சியத்திலோ அது நிலத்தோடும் சாதியோடும் பிணைந்திருந்தது. 1660 முதல் 1679 வரை அங்கு சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவாக விவரிக்கின்றார். அரச கொல்லர் ஒவ்வொருவருக்கும் சில ஊர்கள் உரியனவாக இருந்தன. அவ்வூரவரின் கருவிகளைச் செப்பனிடுவதற்குக் கூலியாக அறுவடைக் காலத்தில் வழக்கப்படியான தானியம் அளக்கப்பட்டது. புதுக்கருவி வேண்டுவோர் அரிசி, கோழி, சாராயம் முதலியவற்றுடன் பணிவாகச் சென்று நாள் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். இரும்பும் கரியும் அவர்களே கொண்டுவருதல் வேண்டும். கொல்லன் முக்காலியில் அமர்ந்திருக்க, துருத்தி ஊதுவதும் சம்மட்டி அடிப்பதும் வந்தவர் வேலையே. தமிழகத்திலும் கொல்லரும் தச்சரும் களத்துமேட்டில் நெற்பங்கு பெற்றமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இவ்வமைப்பிற் கருவி மலிவாகக் கிடைத்தது உண்மையே. அம்மலிவுக்கான விலையைச் செலுத்தியவர் யார் என்பதையும் நொக்ஸ் கூறும் ஒரு செய்தி உணர்த்துகின்றது. கருவி செப்பனிட வந்து காத்திருந்த உயர்குடியினர் தன்னோடு உண்ண வந்துவிடுவரோ என அஞ்சி, ஒரு கொல்லன் கதவை அடைத்துக்கொண்டு உணவருந்தினான். அந்த ‘அவமதிப்புக்கு’த் தண்டனையாக, உயர்குடியினர் தம் வீட்டில் உண்ணும் மதிப்பைக் கொல்லர், தச்சர், தட்டார், ஓவியர் அனைவரும் இழந்தனராம். செய்தி உண்மையோ கதையோ, அது காட்டும் உறவு உண்மையானது: கொல்லனின் உழைப்பு இன்றியமையாதது, அவனது தகுதியோ பிறர் விதிப்பது.

1815இல் இராச்சியம் வீழ்ந்தது. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலய நிலங்களுக்குரிய சேவைகள் மட்டும் தொடர்ந்தன. அவற்றைப் பணமாகச் செலுத்த 1870இன் கட்டளைச் சட்டம் வழிசெய்தது. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதம் இறக்குமதிப் பண்டங்களின் வழியை இலகுவாக்கியது. இவ்வாறு பழைய பிணைப்பு அறுந்தபோது கைவினைஞன் கட்டாய சேவையினின்றும் விடுபட்டான். ஆனால் அவ்விடத்தை நிரப்பியது அவனது கூட்டமைப்பன்று, வணிகனின் கடையே.

இம்மாற்றத்தின் அழிவுப்பக்கத்தை ஆனந்த குமாரசுவாமி ஆழமாக உணர்ந்தார். கண்டிக் கைவினைகளைப் பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூல், வில்லியம் மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்துக்குரிய அச்சுப்பொறியிலேயே அச்சாகியது. மொறிஸின் கைவினைப் பற்றினை அவர் ஏற்றுக்கொண்ட அளவுக்கு, அவரது சோசலிச நோக்கினை ஏற்றுக்கொண்டாரல்லர். ஆதலின், மானிய நிலம் கைவினைஞனுக்குத் தந்த பாதுகாப்பைக் கண்ட அவர், அந்நிலமே அவனைக் கட்டிய விலங்காகவும் இருந்தமைக்குப் போதிய அழுத்தம் கொடுக்கவில்லை.

தச்சனுக்குத் தேவையான கருவிகள் பல அல்ல: வாய்ச்சி, வாள், சீவுளி, துறப்பணம், கொட்டாப்புளி, சில உளிகள். 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது, இறக்குமதிக் கருவியை நம்பியிருப்பதன் ஆபத்து வெளிப்படையாயிற்று. கடையில் மலிவாக வாங்கும் உளி விரைவில் மழுங்குமாயின் அது மலிவானதன்று. பழைய லொறியின் வில்லுத்தகட்டைக் காய்ச்சி அடித்து, பதமிட்டு, மீண்டும் தீட்டித் தரவல்ல கொல்லன் அருகில் இருப்பதே தச்சனுக்குப் பயன். ஆயின் அக்கொல்லனைப் பழைய பணிவுறவுக்குள் மீட்டுக்கொண்டுவருதல் தீர்வாகாது. கொல்லரும் தச்சரும் சமமான பங்காளராய் நடத்தும் கூட்டுறவுப் பட்டறைகளும், அவற்றுக்கு உருக்கும் கடனும் வழங்கும் அரசக் கொள்கையுமே இன்றைய தேவை. எம்பெக்கவின் தூண்களைப் பேணுவதற்குக் காட்டப்படும் அக்கறையில் ஒரு பகுதியேனும், அவ்வூர்ப்புறங்களில் இன்றும் மரம் செதுக்குவோரின் கருவிப்பெட்டியின்பாற் செல்லுதல் வேண்டும்.