லைபீரியா: விடுதலை தேடி வந்தவர்களும் மண்ணின் மக்களும்

மேற்கு ஆபிரிக்காவின் அத்திலாந்திக் கரையில், சியரா லியோன், கினி, ஐவரி கோஸ்ட் ஆகிய நாடுகளை எல்லைகளாகக் கொண்டு அமைந்துள்ளது லைபீரியா. அடர்ந்த மழைக்காடுகளும் இரும்புத் தாதும் இறப்பர்த் தோட்டங்களும் நிறைந்த இந்நாட்டில் ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். க்பெல்லே, பஸா, கிரெபோ, கியோ, மானோ, கிரான் முதலான பதினாறு பூர்வீக இனங்கள் இங்குள்ளன. இவர்களுள் வை இனத்தவர் 1830களிலேயே தம் மொழிக்கெனத் தனி எழுத்து முறையை உருவாக்கியவர்கள்.

லைபீரியா என்ற பெயர் விடுதலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அந்த விடுதலை யாருக்கு உரியது என்ற வினாவே இந்நாட்டின் வரலாறாக விரிந்தது.

1816இல் ஐக்கிய அமெரிக்காவில் குடியேற்றச் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆபிரிக்காவில் குடியேற்றுவதே அதன் நோக்கம். அடிமைத்தளையை வெறுத்தோர் மட்டுமல்லர். சுதந்திரமான கறுப்பர்கள் தம்மிடையே வாழ்வதை விரும்பாத அடிமை உரிமையாளர்களும் இதனை ஆதரித்தனர். 1820இல் முதற் கப்பல் புறப்பட்டது. வந்தவர்களுட் பலர் காய்ச்சலுக்குப் பலியாயினர். 1821இன் இறுதியில் உள்ளூர்த் தலைவர்களிடமிருந்து மெசுராடோ முனையில் நிலம் பெறப்பட்டது. அங்கு எழுந்த நகருக்கு அமெரிக்க ஜனாதிபதி மன்றோவின் நினைவாக மன்றோவியா எனப் பெயரிடப்பட்டது.

1847 யூலை 26இல் லைபீரியா சுதந்திரக் குடியரசாகியது. வேர்ஜினியாவிற் பிறந்த ஜோசப் ஜென்கின்ஸ் றொபேட்ஸ் முதல் ஜனாதிபதியானார். இக்குடியரசின் மக்கள் முன்னர் வட அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் என்றே சுதந்திரப் பிரகடனம் கூறிற்று. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வாசகத்தில் இடமிருக்கவில்லை.

குடியேறிகளின் வழிவந்தோர் சனத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவினரே. ஆயினும் ஆட்சி, கல்வி, வணிகம் யாவும் அவர்கள் வசமே இருந்தன. பூர்வீக மக்கள் 1904 வரை குடிமக்களாகக் கூடக் கருதப்படவில்லை. 1926இல் பயர்ஸ்ரோன் நிறுவனத்திற்குப் பத்து இலட்சம் ஏக்கர் வரையான நிலத்தை, ஏக்கருக்கு ஆறு சதம் வீதம், 99 ஆண்டுக் குத்தகைக்கு வழங்க அரசு உடன்பட்டது. உள்நாட்டு மக்கள் பலவந்தமாகப் பிடிக்கப்பட்டு பெர்னாண்டோ போ தீவின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டமை சர்வதேச விசாரணையில் வெளிப்பட்டதும், 1930இல் ஜனாதிபதி சார்ள்ஸ் கிங் பதவி துறந்தார். அடிமைகளின் சந்ததியினரது அரசே ஆட்களைப் பிடித்தனுப்பிய கொடுமையை உலகம் கண்டது.

1979இல் அரிசி விலை உயர்வை எதிர்த்துக் கிளர்ந்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில், கிரான் இனத்தவரான இராணுவத்தினர் சாமுவேல் டோ, ஜனாதிபதி ரோல்பேர்ட்டைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினார். நூற்றாண்டு கடந்த ஒரு கட்சி ஆதிக்கம் வீழ்ந்தது. எனினும் சமத்துவம் மலரவில்லை. டோ தன் இனத்தவரையே உயர்த்தி, கியோ, மானோ மக்களை வேட்டையாடினார். அந்த வெஞ்சினத்தைப் பயன்படுத்தியே 1989 டிசம்பரில் சார்ள்ஸ் ரெய்லர் போரைத் தொடங்கினார்.

2003 வரை இரு கட்டங்களாக நீடித்த அப்போரில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. சிறுவர் கைகளிலும் துப்பாக்கிகள் திணிக்கப்பட்டன. இலட்சக்கணக்கானோர் கினி, ஐவரி கோஸ்ட், கானா முதலான நாடுகளில் அகதிகளாயினர். வெண்ணிற ஆடையணிந்து வீதியில் அமர்ந்த கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்களின் போராட்டம் சமாதான உடன்பாட்டிற்குப் பெருந்துணையாயிற்று. 2005ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற எலன் ஜோன்சன் சேர்லீவ் ஆபிரிக்காவில் மக்களால் தெரிவு செய்யப்பட்ட முதற் பெண் அரச தலைவரானார்.

2012 யூன் மாத இறுதியுடன் லைபீரியர்களுக்கான அகதி அந்தஸ்தை முடிவுறுத்துமாறு ஐ.நா. அகதிகள் ஆணையம் பரிந்துரைத்தது. முகாம்களிற் பிறந்த பிள்ளைகள், தாம் கண்டிராத தாயகத்திற்குச் செல்வதா, தங்கிவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவராயினர். அந்நிலையின் பாரத்தை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விடுதலை வேட்கையே எம்மை இங்கு கொணர்ந்தது என்பது லைபீரிய அரச இலச்சினையில் இன்றுமுள்ள வாசகம். வந்தவர்களை மட்டும் குறிக்கும் அவ்வாசகத்தை மாற்ற வேண்டுமென்ற குரல் அந்நாட்டிலேயே எழுந்துள்ளது. ஒடுக்கப்பட்டோர் தாம் பெற்ற விடுதலையைப் பிறருக்கு மறுத்தால், அதுவே புதிய ஒடுக்குமுறைக்கு அடித்தளமாகிவிடும். லைபீரிய மக்கள் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் இதுவே.