பிள்ளைகளுக்குப் பனி காட்டப் போகிறவர்களுக்கு: அவுலியின் வரலாறு



"பிள்ளைங்களுக்குப் பனி காட்டணும் சார், சுவிட்சர்லாந்து போற அளவுக்கு வசதி இல்ல, எங்க போகலாம்?" மார்கழி பிறந்தால் இந்தக் கேள்வி உங்களில் நான்கைந்து பேரிடமிருந்தாவது வந்துவிடுகிறது. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதிலும் வரலாறாகத்தான் வரும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

என் பதில் அவுலி. உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத் போகும் பாதையில் இருக்கும் ஜோஷிமத் ஊருக்கு நேர் மேலே உள்ள மலைச்சரிவு அது. சுமார் 2,500 மீட்டரில் தொடங்கி 3,000 மீட்டர் வரை ஏறுகிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். உயரத்தில் ஏறக்குறைய இரண்டும் ஒன்றுதான், ஆனால் தொட்டபெட்டாவில் உறைபனியோடு சரி, அவுலியில் முழங்கால் அளவு பனி கொட்டுகிறது. காரணம் எட்டாம் வகுப்பிலேயே படித்தீர்கள். நாம் 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறோம், அவுலி 30 டிகிரியைத் தாண்டி இருக்கிறது. போதாததற்குக் குளிர்காலத்தில் மத்திய தரைக்கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வருகிறதே, "மேற்கத்திய இடையூறுகள்" என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதுவீர்களே, அதுதான் டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே பனியாகக் கொட்டுகிறது. ஒரு சுற்று கொட்டி முடித்ததும் வானம் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். பிறகு சில நாட்கள் நல்ல வெயில். கீழே பனி, மேலே வெயில், எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி.

இனி இந்த இடம் எப்படி விளையாட்டு மைதானம் ஆயிற்று என்று பார்ப்போம்.

முதலில் அது மேய்ச்சல் நிலம். மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே இமயமலையில் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் புல்வெளிகள் உண்டு. கர்வாலி மக்கள் அவற்றை "புக்யால்" என்பார்கள். அவுலிக்கு மேலே கோர்சன் புக்யால் இருக்கிறது. கோடையில் ஆடுமாடுகளை மேலே ஓட்டிப் போவதும், பனி விழும் முன் கீழே இறக்கி வருவதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. அதே பகுதியின் போட்டியா மக்கள் நீதி, மானா கணவாய்கள் வழியாகத் திபெத்துடன் வாணிகம் செய்தார்கள். இங்கிருந்து தானியம் போகும், அங்கிருந்து உப்பும் கம்பளியும் வரும். குளிர்காலம் வந்தால் அவர்களும் கீழே இறங்கிவிடுவார்கள். பத்ரிநாத் பெருமாளுக்கே ஆறு மாதம் கோயில் நடை சாத்திவிட்டு, பூஜையைப் பாண்டுகேஸ்வருக்கும் ஜோஷிமத்துக்கும் இறக்கிக் கொண்டுவருவார்கள். பனி என்றால் மலையை விட்டு இறங்க வேண்டிய காலம் என்பதுதான் அந்த மண்ணின் வழக்கம். பனியைத் தேடி ஒருவர் மலை ஏறுவார் என்று சொல்லியிருந்தால் அன்றைக்குச் சிரித்திருப்பார்கள்.

அந்த வழக்கத்தை மாற்றியது 1962. சீனப் போர் வந்தது, கணவாய்கள் மூடின, வாணிகம் நின்றது. போர் தொடங்கிய சில நாட்களில், 1962 அக்டோபர் 24 அன்று, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை உருவானது. அதுவரை குளிர்காலத்தில் ஆளில்லாமல் கிடந்த உயரங்களில் இனி வருடம் முழுக்கக் காவல் இருந்தாக வேண்டும். முழங்கால் புதையும் பனியில் பூட்ஸ் காலோடு எவ்வளவு தூரம் நடக்க முடியும்? பனிச்சறுக்கு தெரிந்த வீரர்கள் தேவைப்பட்டார்கள். பனிச்சறுக்கே அடிப்படையில் விளையாட்டு இல்லை. நார்வே போன்ற வடநாடுகளில் பனிக்காலத்தில் ஊர்விட்டு ஊர் போக ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காலில் கட்டிக்கொண்ட மரப்பலகைதான் அது. "ஸ்கி" என்ற சொல்லுக்கே பிளந்த மரத்துண்டு என்றுதான் பொருள். எல்லைப்படை தன் வீரர்களுக்கு மலையேற்றமும் பனிச்சறுக்கும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிறுவனத்தை அவுலியில் அமைத்தது. சரிவு அளவாக இருக்கிறது, நடுவில் மரமில்லை, அடிவாரத்தில் ஊரும் சாலையும் இருக்கின்றன. வீரனுக்குப் பயிற்சி தர எது வசதியோ, அதுவேதான் பின்னாளில் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கவும் வசதியானது.

காஷ்மீரின் குல்மார்க் கதை வேறு. வெள்ளைக்கார அதிகாரிகள் விடுமுறைக்குப் போய் 1927-ல் அங்கே இந்திய ஸ்கி கிளப்பைத் தொடங்கினார்கள். குல்மார்க் துரைமார்களின் ஓய்வில் பிறந்தது. அவுலி காவல்காரனின் தேவையில் பிறந்தது. அவுலி இன்றும் ஆடம்பரம் குறைந்த ஊராக இருப்பதற்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது 1976-க்கு வாருங்கள். இந்தப் பதிவில் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆண்டு அதுதான். அந்த ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, கர்வால் மண்டல் விகாஸ் நிகாம் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. மலை மக்களுக்குப் பிழைப்பு வேண்டும், அதற்குச் சுற்றுலாவை வளர்க்க வேண்டும் என்பது நோக்கம். அவுலிக்குச் சாதாரணக் குடும்பங்கள் போக முடிந்தது இந்த நிறுவனத்தால்தான். பனிச்சரிவை ஒட்டியே விடுதி கட்டினார்கள். தங்குமிடம், சாப்பாடு, பலகை, பூட்ஸ், பயிற்சியாளர் எல்லாம் சேர்த்து 7 நாள், 14 நாள் என்று பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். 1980-களில் வேலை தொடங்கி 1990-களில் ஜோஷிமத்திலிருந்து அவுலிக்கு ரோப் காரும் ஓடியது. பழனி ரோப் காரில் போயிருப்பீர்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். இது சுமார் 4 கிலோமீட்டர், பத்துக் கோபுரங்கள், இருபது நிமிடத்துக்கு மேல் பயணம். 2011 ஜனவரியில் முதல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிகளை டேராடூனிலும் அவுலியிலும் நடத்தினார்கள். பனி குறைந்தால் இயந்திரம் வைத்துச் செயற்கைப் பனி தூவ, சரிவின் மேலேயே ஒரு ஏரியும் வெட்டினார்கள்.

இரண்டாவது காரியம், ஓர் எச்சரிக்கை. ஜோஷிமத்தில் வீடுகள் விரிசல் விடுகின்றன என்று புகார் வந்ததால், கர்வால் ஆணையர் எம்.சி. மிஸ்ரா தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 1976-ல் அறிக்கை கொடுத்தது. ஜோஷிமத் ஊர் பாறை மேல் நிற்கவில்லை, எப்போதோ சரிந்து விழுந்த மண்ணும் கல்லும் சேர்ந்த குவியலின் மேல் நிற்கிறது என்றது அந்த அறிக்கை. ஆகவே பெரிய கட்டடங்கள் வேண்டாம், வெடிவைத்துப் பாறைகளை எடுக்க வேண்டாம், சரிவில் மரங்களை வெட்ட வேண்டாம், மரம் நடுங்கள், மழைநீரும் கழிவுநீரும் மண்ணுக்குள் இறங்காமல் வடிகால் அமையுங்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தது.

ஒரே ஆண்டில் வாய்ப்பும் வந்தது, எச்சரிக்கையும் வந்தது. நாம் வாய்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். அடுத்த நாற்பது ஆண்டுகளில் விடுதிகள் மாடி மேல் மாடியாக எழுந்தன. யாத்திரைச் சாலை அகன்றது. மலையைக் குடைந்து நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் போட்டார்கள். வடிகால் மட்டும் சரியாக வரவில்லை. 2021 பிப்ரவரி 7-ல் ரிஷிகங்கா, தௌலிகங்கா ஆறுகளில் திடீர் வெள்ளம் வந்து இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள், காணாமல் போனார்கள். 2023 ஜனவரியில் ஜோஷிமத்தே இறங்கியது. 2022 டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை, பன்னிரண்டே நாளில் 5.4 சென்டிமீட்டர் என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டின. எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். இரண்டு பெரிய விடுதிகளை இடிக்க வேண்டி வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி 16,709 பேர் வாழ்ந்த ஊர் அது. கொட்டும் குளிரில் பல குடும்பங்கள் முகாம்களுக்கு மாறின. ரோப் காரும் நின்றது. சுரங்கம் காரணமா, கட்டடங்கள் காரணமா, கழிவுநீரா என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் இந்த மண் அதிகச் சுமை தாங்காது என்பது 1976-லேயே எழுத்தில் இருந்தது. அதில் வாதமே இல்லை.

அந்த 2023-ல் மேலே அவுலியில் நடக்கவிருந்த தேசியப் பனிச்சறுக்குப் போட்டியும் போதிய பனி இல்லாமல் நடக்கவில்லை. கீழே மண் இறங்குகிறது, மேலே பனி குறைகிறது. நடுவில் நின்று சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிறார்கள் அந்த மக்கள்.

நமக்கும் அந்த ஊருக்கும் ஓர் உறவு இருக்கிறது. 108 திவ்விய தேசங்களில் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்பது ஜோஷிமத் நரசிம்மர் கோயில்தான் என்று வைணவப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நரசிம்மரின் ஒரு கை மணிக்கட்டு ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து வருகிறது, அது ஒடியும் நாளில் மலைகள் ஒன்று சேர்ந்து பத்ரிநாத் பாதை அடைபட்டுவிடும் என்று அங்கே ஒரு பழங்கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். வரலாற்று மாணவனாக எனக்கு இதில் ஒன்று தெரிகிறது. இந்த மலை சரியக்கூடியது என்று அங்கே வாழ்ந்தவர்களுக்கு முன்பே தெரியும். மிஸ்ரா குழு அறிக்கையில் எழுதியதை, அவர்கள் சாமி கதையில் சொல்லி வைத்தார்கள்.

அப்படியானால் போகக் கூடாதா சார் என்று கேட்பீர்கள். போங்கள் என்றுதான் சொல்கிறேன். நாம் போகாவிட்டால் அடிபடுவது அங்கே தேநீர்க் கடை வைத்திருப்பவரும், பலகை வாடகைக்குத் தருபவரும், சறுக்கக் கற்றுக்கொடுக்கும் இளைஞனும்தான். எப்படிப் போகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2019 ஜூனில் பெரும் பணக்காரக் குடும்பம் ஒன்று அவுலியில் கல்யாணம் நடத்தி, மலைபோல் குப்பையை விட்டுப்போய், விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. அது ஒரு வகைப் பயணம். இரண்டு பிள்ளைகளோடு ஒரு சின்ன விடுதியில் தங்கி, பனியில் விழுந்து எழுந்து சிரித்துவிட்டு வருவது இன்னொரு வகைப் பயணம். மலை தாங்குவது இரண்டாவதைத்தான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

ஹரித்வார் அல்லது ரிஷிகேஷ் வரை ரயில். அங்கிருந்து ஜோஷிமத் சுமார் 250 முதல் 275 கிலோமீட்டர் மலைப்பாதை, முழுப் பகல் ஆகும். வழியில் ருத்ரபிரயாகையிலோ பீப்பல்கோட்டியிலோ ஒரு இரவு தங்கினால் பிள்ளைகளுக்கு வாந்தி மயக்கம் இருக்காது. ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பனிக்கு ஏற்ற காலம். கிளம்பும் முன் பனி இருக்கிறதா, சாலை திறந்திருக்கிறதா, ரோப் கார் ஓடுகிறதா என்று நிகாம் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். ரோப் கார் இல்லாவிட்டாலும் ஜோஷிமத்திலிருந்து ஜீப் சாலை உண்டு.

கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப்பனி வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும். குளிர்கிறதே என்று முகத்துக்கு ஒன்றும் தடவாமல் விட்டால் மெரினாவில் நின்றதைவிட மோசமாகக் கறுத்துவிடும். முதல் நாள் உயரத்துக்கு உடம்பு பழகட்டும், இரண்டாம் நாள் பலகை கட்டுங்கள். அரை நாள் விழுந்தால்தான் அடுத்த அரை நாள் சறுக்க வரும். இரத்த அழுத்தமோ மூச்சிரைப்போ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கோடையில் போனால் புல்வெளியில் வண்டி ஏற்றாதீர்கள், அது மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் புல். திரும்பும்போது ஜோஷிமத்தில் அரை மணி நேரம் இறங்கி நரசிம்மரைச் சேவித்துவிட்டு, பிள்ளைகளிடம் 1976 கதையைச் சொல்லுங்கள். எச்சரிக்கை எழுதி வைத்திருந்தும் ஓர் ஊர் எப்படி விரிசல் விட்டது என்பதை அங்கே நின்று கேட்ட பிள்ளை, நாளைக்கு ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பில் கையெழுத்துப் போடும்போது ஒரு நிமிடம் யோசிக்கும்.

போய் வந்தவர்கள் இந்த ஆண்டு பனி எப்படி இருந்தது என்று எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்