மலிவான வாயுவும் ஒரு துறைமுகமும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் சொல்லித்தந்தார்கள். ஆறுதான் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதில் என்ன வீண்விரயம் என்று அப்போது யோசித்திருக்கிறேன். உக்ரேனின் வரலாற்றை வாசித்தபோது அந்தப் பாடம் திரும்பவும் ஞாபகத்துக்கு வந்தது. அந்த நாட்டில் ஆறு போல ஓடியது இயற்கை வாயு.

முதலில் உருக்கு உலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் வந்த பழைய முறையில், இரும்பை ஒரு பெரிய திறந்த அடுப்பில் பரப்பி, அதன் மேலாக வாயுவை அல்லது எண்ணெயை எரித்து மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். ஒரு தடவை உருக்கு எடுக்க 8 மணித்தியாலம், சில இடங்களில் அதற்கும் மேல். 1952இல் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் வேறொரு முறை வந்தது. உருகிய இரும்புக்குள் தூய ஒட்சிசனை வேகமாக ஊதுவார்கள். இரும்பில் இருக்கும் காபனே எரிந்து தேவையான வெப்பத்தைத் தந்துவிடும். தனியாக எரிபொருள் தேவையில்லை. முக்கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும்.

ஜப்பான் 1970களின் முடிவுக்குள் பழைய உலைகளைக் கைவிட்டது. சோவியத் ஒன்றியத்தில் 1990இலும் பாதியளவு உருக்கு பழைய உலைகளிலிருந்தே வந்தது.

அங்குள்ள பொறியியலாளர்களுக்குப் புதிய முறை தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். உருகிய உருக்கை ஆறவிட்டு மறுபடி சூடாக்காமல் நேரடியாகவே பாளமாக வார்க்கும் தொடர் வார்ப்பு முறையில் அவர்கள் உலகத்துக்கே முன்னோடிகள். ரஷ்யாவின் லிபெட்ஸ்க் ஆலை 1960களிலேயே அதைச் செய்து காட்டியது. ஆனால் அந்த நாட்டின் மற்றப் பெரும்பாலான ஆலைகள் கடைசிவரை பழையபடியே வார்த்து, ஆறவிட்டு, திரும்பச் சூடாக்கிக்கொண்டிருந்தன.

காரணம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. ஆலைக்கு மேலிடம் கொடுத்த இலக்கு, இவ்வளவு தொன் உருக்கு என்பதுதான். தொன் கணக்கு நிறைந்தால் முகாமையாளருக்கு ஊக்கத்தொகை. எரிபொருள் எவ்வளவு போனது என்பது அவருக்குப் பெரிய விடயமில்லை. எடைக்கு இலக்கு வைத்ததால் தொங்கு விளக்குகளைக் கூடத் தேவையில்லாமல் பாரமாகச் செய்கிறார்கள் என்று குருஷேவே பகிரங்கமாகக் கேலி செய்தார். ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஸ் கொர்னாய் இந்த நோயைத் தெளிவாக விளக்கியவர். நட்டம் வந்தாலும் அரசாங்கம் தூக்கிவிடும் என்று தெரிந்த தொழிற்சாலை, செலவைக் குறைக்க மெனக்கெடாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

1989க்குப் பிறகு இந்த நாடுகள் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறத் தொடங்கின. இங்கேதான் போலந்தின் பாதையும் உக்ரேனின் பாதையும் பிரிகின்றன.

போலந்து 1990 ஜனவரி 1ஆம் திகதி நிதியமைச்சர் பல்செரோவிச்சின் திட்டத்தை ஆரம்பித்தது. நிலக்கரி, மின்சார விலைகள் ஒரேயடியாகப் பல மடங்கு ஏறின. இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நியாயமில்லை. 1993 முடிவில் வேலையின்மை 16 சதவீதத்தைத் தாண்டியது. கிராக்கோவ் நகரின் நோவா ஹூத்தா உருக்காலையில் உச்சக் காலத்தில் ஏறத்தாழ 40,000 பேர் வேலை செய்தார்கள். அந்த வேலைகளில் பெரும்பகுதி திரும்பி வரவேயில்லை. அந்தக் குடும்பங்களின் வலி எந்தப் புள்ளிவிபரத்திலும் சரியாகத் தெரியாது.

ஆனால் தொழிற்சாலைகளின் நடத்தை மாறியது. எரிபொருளுக்குக் காசு கட்ட வேண்டி வந்ததும் பழைய உலைகள் மூடப்பட்டன, வெப்பம் கசியும் இடங்கள் அடைக்கப்பட்டன, பாரமான கைத்தொழில்களின் இடத்துக்கு வேறு தொழில்கள் வந்தன. 2013 ஆகும்போது போலந்தின் பொருளாதாரம் 1990இல் இருந்ததை விட இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்திருந்தது. அந்நாடு பாவித்த மொத்தச் சக்தியோ 1990ஐ விடக் கூடவில்லை.

உக்ரேனுக்கு ரஷ்ய வாயு மலிவாகத் தொடர்ந்து வந்தது. 2005 வரை ஆயிரம் கன மீற்றருக்கு 50 டொலர். மேற்கு ஐரோப்பா அப்போது 200 டொலருக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. மக்களுக்காகத்தான் இந்த மலிவு என்று சொல்லப்பட்டது. ஆனால் ஏற்றுமதி செய்த உருக்கின் இலாபம் சில முதலாளிகளின் பைக்குள் போனது. கிரிவோரிஷ்ஸ்தால் என்ற பெரிய ஆலை 2004இல் சுமார் 800 மில்லியன் டொலருக்கு, ஜனாதிபதியின் மருமகனும் பங்காளியாக இருந்த ஒரு குழுவுக்கு விற்கப்பட்டது. ஆட்சி மாறி 2005இல் மறுபடி ஏலம் விட்டபோது கிடைத்தது 4.8 பில்லியன் டொலர்!

2006 ஜனவரியில் ரஷ்யா குழாயை மூடியது. சில நாட்களில் 95 டொலருக்கு உடன்பாடு வந்தது. 2009 ஜனவரியில் மறுபடி மூடியபோது ஐரோப்பாவின் பல நாடுகளும் கடுங்குளிரில் நடுங்கின. 2010இல் விலை 300 டொலரைத் தாண்டிவிட்டது.

அதன் பிறகுதான் ஆலைகள் விழித்தன. ஊதுலைகளில் வாயுவுக்குப் பதிலாக நிலக்கரித் தூளைச் செலுத்தத் தொடங்கினார்கள். மரியுபோல் நகரின் அசோவ்ஸ்தால் 2011இல் பழைய உலைகளை நிறுத்தியது. 2012இல் தினிப்ரோ நகரில் மின்சாரத்தில் இயங்கும் புதிய உருக்காலை ஒன்று திறக்கப்பட்டது. இருபது வருடம் முன்பே செய்திருக்கலாம்.

அதற்குள் நாடு இன்னொரு விலையையும் கொடுத்திருந்தது. 2010 ஏப்ரலில் கார்கிவ் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. வாயுவின் விலையில் ஆயிரம் கன மீற்றருக்கு 100 டொலர் வரை கழிவு. பதிலுக்கு, கிரிமியாவின் செவஸ்தபோல் துறைமுகத்தில் ரஷ்யக் கடற்படை 2017க்குப் பிறகும் 25 வருடம், அதாவது 2042 வரை இருக்கலாம். நான்கு வருடத்தில் ரஷ்யா கிரிமியாவையே எடுத்துக்கொண்டது. துறைமுகம் இப்போது எங்களிடம்தானே என்று சொல்லி, கொடுத்த கழிவையும் நிறுத்தியது.

கிரிமியாவைப் பிடித்ததற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் அடுத்தவன் கையில் இருக்கும் குழாயை நம்பி அடுப்பை எரியவிட்ட நாடு, அந்த மேசையில் உட்கார்ந்தபோது பேரம் பேசும் நிலையில் இருக்கவில்லை.

2014க்குப் பிறகு, யுத்தம் நடக்கும்போது, நாணயம் விழுந்துகொண்டிருக்கும்போது, சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையோடு வீட்டு வாயுக் கட்டணம் பல மடங்கு உயர்ந்தது. போலந்து மக்கள் 1990இல் சுமந்ததை உக்ரேன் மக்கள் கால் நூற்றாண்டு பிந்தி, மிக மோசமான நேரத்தில் சுமந்தார்கள். இடையில் இலாபம் எடுத்தவர்கள் அதில் பங்கு போடவில்லை. அசோவ்ஸ்தால் ஆலையும் 2022 முற்றுகையில் இடிபாடாகிவிட்டது.

2022இல் எரிபொருள் வரிசையிலும் கேஸ் வரிசையிலும் நின்ற நமக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. கட்டணம் கூடும்போது கோபப்படுகிறோம், அது நியாயம்தான். அதோடு, மலிவாக இருந்த காலத்தில் யார் அதிகம் எரித்தார்கள், இலாபம் யாருக்குப் போனது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஓடும் ஆற்றின் தண்ணீருக்கும் கணக்கு உண்டு என்று நமக்கு ஓதித்தந்தார்களே, அது தொழிற்சாலைக்கும் அரசாங்கத்துக்கும் சேர்த்துத்தான் என்று இப்போது விளங்குகிறது.

வாசித்தவர்கள் உங்கள் கருத்தையும் எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள்.